தெளிவில்லாத நீர்நாய்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். முதுகு வலி தவிர உடம்புக்கு ஒண்ணும் இல்ல, அதுவும் அந்த பஸ் சீட்டோட கைங்கரியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கீங்க? அப்பா எப்படி இருக்கார்?

லீவு முடிஞ்சு போச்சுன்னு அப்பாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தது மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருக்கு. பக்கவாதத்துல கை கால் தப்பிச்சுது, பேச்சுதான் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னப்போ நாம ரெண்டு பேரும் நிம்மதியா மூச்சு விட்டோம், ஞாபகம் இருக்கா? அப்பாவோ என் பேரைச் சொல்ல வாயைத் திறந்து, வராம, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டியா? ஏதாவது பேசினாரா?

அழுதுக்கிட்டே இருந்தா இங்க ஊருக்குத் தண்ணி ஏத்தற பம்பு ஓடாது. அதனால வேற விஷயம் சொல்றேன், திட்டாதே. ஆபரேட்டர் அண்ணன்கிட்ட இருந்து பழைய கேமரா ஒண்ணு வாங்கியிருக்கேன். பம்பு ஹவுஸுக்குப் பின்னாடி ஆத்துத் தண்ணி வந்து வண்டல் இறங்கற பெரிய தொட்டி இருக்குல்ல, அதுல ஒரு நீர்நாய்க் குடும்பம் குடிவந்திருக்கு. அம்மா ஒண்ணு, குட்டி ரெண்டு. மீனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, யாரும் பிடுங்கிடுவாங்களோன்னு பார்த்துப் பார்த்துத் திங்குதுங்க. நம்ம மாமா பிஸ்கட் சாப்பிடற அழகுதான்.

இதோட மூணு படம் வச்சிருக்கேன். முதல் படத்துல நடுவுல கறுப்பா இருக்கறது அம்மா நீர்நாயோட தலை. ரெண்டாவதுல ஓரமா இருக்கறது வால், மீதி ஓடிடுச்சு. மூணாவதுல பாதியை மறைக்கறது என் விரல்.

அப்பாகிட்ட மட்டும் காட்டாதே. பீங்கான் கோப்பை ஆலையில ஒவ்வொரு கோப்பையையும் பென்சிலால தட்டி, சத்தத்துலயே விரிசலைக் கண்டுபிடிச்ச மனுஷன். என் படத்தைப் பார்த்தா இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாமாவை இருமலுக்கு மருந்து எடுத்துக்கச் சொல்லு.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறது. முதுகுக்குத் தைலம் தடவினியா, இல்ல கடிதம் எழுதினதோட சரியா? இங்க மாமாவுக்கு வழக்கமான இருமல், எனக்கு வழக்கமான கோபம், மத்தபடி சுகம்.

அப்பா வீட்டுக்கு வந்தாச்சு. நடக்கறார், சாப்பிடறார், சட்டைக்கு பட்டன் அவரே போட்டுக்கறார். பேச்சு மட்டும் இல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வாரத்துக்கு ரெண்டு நாள் வருது. அழகழகா அட்டையில படம் போட்டுக் கொண்டு வருது, அதனால நாங்க வச்ச பேர் அட்டைக்காரி. பேனாவைக் காட்டி இது என்னன்னு கேக்கும். சாவியைக் காட்டி இது என்னன்னு கேக்கும். அப்பா அட்டையை வாங்கிக் குப்புறக் கவுத்து வச்சிடுவார். இந்தச் சில மாசத்துக்குள்ள பேச்சைக் கிளப்பினாத்தான் உண்டு, விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்னு அது வாசல்ல நின்னு எங்கிட்ட மெதுவா சொல்லிட்டுப் போச்சு. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை.

உன் படத்தை நான் காட்டலை. நான் ரொட்டி ஆலைக்குப் போயிருந்த நேரத்துல மேஜை மேல இருந்ததை அவரே எடுத்திருக்கார். வேலை முடிஞ்சு நான் உள்ள நுழையறேன், முதல் படத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். என்னைப் பார்த்ததும் நகத்தால படத்தை ஒரு தட்டு தட்டி, ஒரு வார்த்தை சொன்னார். தம்பி, சத்தமா, தெளிவா, ஒரு முழு வார்த்தை. நான் கையிலிருந்த பையைக் கீழ போட்டுட்டேன்.

உன் படம் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னு நினைக்கிறேன். இன்னும் இருந்தா உடனே அனுப்பு. குளிர்ல ஈரத் துணியோட திரியாதே.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நான் சுகமோ சுகம். நீங்க மூணு பேரும் அப்படியே இருக்கணும். உன் கடிதத்தை பம்பு ஓடற சத்தத்துல சத்தம் போட்டுப் படிச்சேன், எவனுக்கும் கேட்டிருக்காது.

எல்லாம் எழுதினே, அப்பா சொன்னது என்ன வார்த்தைன்னு எழுதலையே. ‘அருமை’ன்னாரா? அப்பா அப்படிச் சொல்ற ஆள் இல்லதான். ஆனா உடம்பு சரியில்லாமப் போனா மனுஷங்க மாறுவாங்கன்னு சொல்றாங்க. மறக்காம எழுது.

ஒரு ரோல் முழுக்க எடுத்ததுல உருப்படியா வந்தது ஆறு. உருப்படின்னா, ஏதோ இருக்குன்னு தெரியற அளவுக்கு. ஒண்ணுல நீர்நாய் தொட்டிக்குள்ள குதிக்குது, குதிச்சு முடிச்ச பிறகுதான் நான் அமுக்கியிருக்கேன், அதனால தண்ணி மட்டும் தெரியும். இன்னொண்ணுல குட்டிங்க ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உருளுதுங்க, எது எதோட கால்னு எனக்கே தெரியலை. எல்லாத்தையும் அப்பாகிட்ட கொடு. எடுத்தது நான்னு சொல்லு.

அப்பாவோட தூக்கம் எப்படி? நீயும் கொஞ்சம் தூங்கு.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

எல்லாரும் நலம். உனக்கு இருமல் ஏதும் இல்லையே? ஈரத்துலயே கிடக்கறியேன்னு கேக்கறேன்.

ஆறு படமும் வந்துச்சு. வந்த நாள்லேர்ந்து வீட்டுல உன் படத்தைப் பத்தித்தான் ஓயாத பேச்சு. சாப்பிட உட்கார்ந்தா தட்டுக்குப் பக்கத்துல படம். மாமா லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பறவர், செருப்பை ஒரு கால்ல மாட்டிக்கிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்துட்டுப் போறார். அட்டைக்காரி கூடப் போன வாரம் தன் அட்டையைப் பையிலேர்ந்து எடுக்கவே மறந்துட்டா.

அப்பாவுக்கு இப்ப ஏழெட்டு வார்த்தை வருது. ‘இல்ல’ வருது. ‘போ’ வருது. நேத்து மாமாவைப் பார்த்து ‘கண்ணாடி’ன்னார், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருன்னு அர்த்தம். மாமாவுக்கு ஒரே சந்தோஷம், மாமனார் தன்னைத் திட்டிட்டார்னு.

அந்த முதல் வார்த்தையையே பிடிச்சுத் தொங்கறியே. நேர்ல வரும்போது சொல்றேன். நீ எப்பவும் போலவே எடு, அது போதும். ஒண்ணையும் மாத்தாதே.

காலா காலத்துல சாப்பிடு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே இருக்க வேண்டுகிறேன்னு எழுதி ஆரம்பிக்கணும்னு தோணுது, அவ்வளவு பெரிய மனுஷன் ஆயிட்டேன். ஏன்னு கேளு.

இங்க புதுசா ஒரு இன்ஜினியர் வந்திருக்கார். கேமரா பைத்தியம். என் படங்களை ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவரோட ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்து, எப்படி நிறுத்தணும், வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கணும், மூச்சை எப்போ பிடிக்கணும்னு எல்லாம் சொல்லித் தந்தார். விடியறதுக்கு முன்னாடியே போய்த் தொட்டி ஓரத்துல உட்கார்ந்துக்கறேன். கால் மரத்துப் போகும். ஆனா நீயே பாரு, மீசை ஒவ்வொண்ணா எண்ணலாம். மூக்கு நுனியில நிக்கற தண்ணி கூடத் தெரியுது.

அக்கா, உங்கிட்ட சொல்றதுக்கென்ன. சின்ன வயசுலேர்ந்து நான் வரைஞ்சது, செஞ்சது, எழுதினது எதையும் அப்பா நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. இப்ப அவர் பேச ஆரம்பிக்கறதே என் படத்தைப் பார்த்துத்தான்னு ஆனப்போ, கன்னாபின்னான்னு எடுத்ததை அனுப்ப மனசு வரலை. இதைப் பார்த்துட்டு அப்பா என்ன சொன்னார்னு, ஒரு வார்த்தை விடாம எழுது.

மாமாவுக்கு என் வணக்கம். அப்பாவுக்கு முன்னாடியே முட்டி வலி இருந்துச்சே, அது தேவலையா?

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

இங்க நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு.

படம் வந்துச்சு. அழகா இருக்கு. நிஜமா அழகா இருக்கு. அப்பா பார்த்தார். அவர் இப்பக் கொஞ்சம் அமைதியா இருக்கார், வெயில் அதிகம் இல்லையா, அதனால இருக்கும்.

பழைய மாதிரி படம் ஏதாவது மிச்சம் மீதி இருக்கா? வேண்டாம்னு ஒதுக்கினது இருந்தாலும் பரவாயில்ல.

ஆலையில ஆள் குறைவு, ரெண்டு ஷிப்டு பார்க்கறேன். அதான் சுருக்கமா எழுதறேன். உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டு எழுதறேன். படிச்சு முடிச்சதும் அப்படியே இருக்கணும்.

போன வாரம் நீ பெருசு பண்ணி அனுப்பின படமும் வந்துச்சு. இனிமே பூசி மெழுக முடியாது. அப்பா அன்னிக்குச் சொன்ன முதல் வார்த்தை ‘கட்டை’. உன் நீர்நாயைப் பார்த்துத்தான் சொன்னார். தண்ணியில மிதக்கற கட்டைன்னார். நான் நீர்நாய்னேன். ‘கட்டை’ன்னார். மாமா வந்து ஆமைன்னார். அப்பாவுக்கு மூக்கு மேல கோபம் வந்து, ‘இல்ல, இல்ல, கட்டை’ன்னு மேஜையைத் தட்டினார். உன் படத்தைப் பத்தி ஓயாத பேச்சுன்னு எழுதினேனே, அது இந்தச் சண்டைதான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சண்டை. கல்லு, சாக்கு, செருப்பு, இப்படியேதான் அவருக்கு ஒவ்வொரு வார்த்தையா திரும்பி வந்துச்சு.

அட்டைக்காரிதான் காரணத்தைப் பிடிச்சா. அவ அட்டையில இருக்கறது பேனான்னு அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கேட்டா அது பரீட்சை. அதுல தோத்துப் போக அப்பாவுக்கு அவமானம். உன் படத்துல என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாது. அதனால அங்க அவரும் நம்மள மாதிரி ஒரு ஆள், வாய்ச்சண்டை போடலாம்.

நீ நல்லா எடுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவர் வாயைத் திறக்கலை. ஒவ்வொண்ணா வாங்கிப் பார்க்கறார், ஒண்ணும் சொல்லாம அலமாரியில வரிசையா நிறுத்தி வைக்கறார். வந்த வார்த்தையும் போயிடுமோன்னு அட்டைக்காரி பயப்படறா.

படம் அவருக்குப் பிடிச்சுதுன்னு நான் அன்னிக்கு எழுதியிருக்கக் கூடாது. நீ சந்தோஷப்படணும்னு எழுதினேன். இப்ப வெக்கத்தை விட்டுக் கேக்கறேன், பழைய மாதிரி படம் அனுப்புடா.

அக்கா


மே 18

தம்பிக்கு,

உடம்புக்கு ஏதும் இல்லையே? ரெண்டு வரி போடு. திட்டியாவது எழுது.

அப்பா இன்னிக்கு எதுவும் பேசலை. தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நின்னார். நான் போய் நிக்கறதைப் பார்த்துப் பழகிட்டாரோ என்னவோ.

அக்கா


மே 29

அக்காவுக்கு,

உயிரோடதான் இருக்கேன். காய்ச்சல், தலைவலி எதுவும் இல்ல. கோபம்தான் இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல. அப்பாவும் நீங்களும் சுகமா இருக்கீங்கன்னு நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படிச்சுட்டுப் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன். காலு மரத்து, கொசுக்கடி வாங்கி, கடைசியில அப்பாவுக்கு வேடிக்கை காட்டத்தான் நான் லாயக்கான்னு தோணிச்சு. இன்ஜினியர் ஸ்டாண்டை எடுத்துக்கிட்டு வான்னு கூப்பிட்டார், நான் போகலை. கேமராவைத் தொடக் கூட இல்ல.

அப்புறம் ஒரு நாள் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படிச்சேன். நல்ல படத்தையெல்லாம் அப்பா ஒண்ணும் சொல்லாம வரிசையா நிறுத்தி வைக்கறார்னு எழுதியிருக்கே. அக்கா, யோசிச்சுப் பாரு. நாம சின்னப் புள்ளைங்களா ஆலைக்குச் சாப்பாடு கொண்டு போவோமே, அங்க அவர் என்ன பண்ணிக்கிட்டு இருப்பார்? விரிசல் கோப்பையா இருந்தா அதுக்கு ஒரு வசவு, செஞ்சவனுக்கு ஒரு வசவு. நல்ல கோப்பைன்னா ஒரு வார்த்தை கிடையாது. ஒரு தட்டு, வரிசையில வைப்பு. அவ்வளவுதான். அவர் என்னைப் பாஸ் பண்ணியிருக்கார்.

அது புரிஞ்ச அன்னிக்கு முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். ஆபரேட்டர் அண்ணன் பயந்துட்டார். மறுநாள், பாஸ் ஆகி என்ன பண்றதுன்னு தோணிச்சு. எனக்கு அவர் பாராட்டு வேண்டாம். பேச்சுதான் வேணும். என்னைத் திட்டிப் பேசினா இன்னும் விசேஷம். ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

கையை வேணும்னே ஆட்டி எடுத்துப் பார்க்கலாம்னு முதல்ல நினைச்சேன். வேண்டாம், வேணும்னே உடைச்சதை அப்பா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார். அதனால கஷ்டமானதா பார்த்து முயற்சி பண்றேன். குட்டிங்க இப்ப வளர்ந்துடுச்சு, கரையில ஓட்டப்பந்தயம் வைக்குதுங்க. கூடவே நானும் ஓடிக்கிட்டே எடுக்கறேன். மனசார நல்லாத்தான் எடுக்கப் பார்க்கறேன் அக்கா, சத்தியமா. வந்திருக்கற லட்சணத்தை நீயே பாரு. நாலு வச்சிருக்கேன்.

நீ ரெண்டு ஷிப்டு பார்க்கறதைக் குறைச்சுக்கோ. உன் உடம்பும் உடம்புதான்.

தம்பி


ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

நலமா இருக்கியா? நாங்க இருக்கற சுகத்தைச் சொன்னா நம்ப மாட்டே. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, மாமாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. அவ்வளவு சண்டை.

உன் கவரைப் பிரிச்சதே அப்பாதான். முதல் படத்தை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சார், திருப்பினார், தலைகீழாப் பிடிச்சார். அப்புறம் மாமாவைப் பார்த்து, ‘இது என்ன’ன்னு கேட்டார். தம்பி, ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்துச்சு. கேள்வியா வந்துச்சு. நான் அடுப்படிக்குப் போய் அழுதுட்டு வந்தேன். வெளிய வந்தா சண்டை பாதி முடிஞ்சிருந்துச்சு.

அது நடந்து ரெண்டு வாரம் ஆகுது. நாலு படத்தையும் வச்சுக்கிட்டுத் தினமும் பஞ்சாயத்துதான். இனிமே வரும், கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டே இருக்கும்னு அட்டைக்காரி சொல்றா. தன் அட்டையைக் கட்டி உள்ள வச்சுட்டா.

இன்னிக்குக் காலையில, தம்பிக்கு ஏதாவது எழுதணுமாப்பான்னு கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. புள்ளி வச்ச இடமெல்லாம் அவர் நின்ன இடம். நாங்க யாரும் எடுத்துக் கொடுக்கலை.

“முதல்... முதல் படம். நீர்நாய் இல்ல. பை. பிளாஸ்டிக் பை. ரெண்டாவது... அது... அது... மூக்கு. மூக்கு இருக்கு. வால் எங்க? வாலை வெட்டிட்டே. மூணாவது... தள்ளு. நாலாவது... கை ஆடுது. ஏன் ஆடுது? குளிரா? சாப்பிடறியா? நல்லா இல்ல. ஒண்ணும்... நல்லா இல்ல. இன்னும் அனுப்பு.”

இவ்வளவுதான். சொல்லி முடிச்சதும் வேர்த்துப் போச்சு. தண்ணி குடிச்சுட்டு, எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஒரு இடத்துல தப்பு கண்டுபிடிச்சார்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க மகன் எழுதறது. நான் நல்லா இருக்கேன். உங்க உடம்பு எப்படி இருக்குன்னு நீங்க சொன்னதுலேர்ந்தே தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல் படம் பிளாஸ்டிக் பை இல்லப்பா. பைக்குக் காது இருக்காது, உத்துப் பாருங்க. வாலை நான் வெட்டலை, அது என்கூட நிக்கப் பிடிக்காம ஓடிடுச்சு. மூணாவதைத் தள்ளினது அநியாயம், அதுக்காக நான் சேத்துல விழுந்திருக்கேன். கை ஆடினது குளிர்னால இல்ல, ஓடினதால. ரெண்டு வேளை நல்லாச் சாப்பிடறேன், மூணாவது வேளை சுமாரா.

லீவு கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை காலை பஸ்ல வர்றேன். புதுசா ஒரு ரோல் எடுத்து வச்சிருக்கேன், கழுவிப் பார்க்கலை, சேர்ந்து பார்க்கலாம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம்னு அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. பதிலை நான் வந்து கேட்டுக்கறேன்.

அன்பு மகன்